ஒரு விளக்கைச் சுற்றி

அரையாண்டு விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். வந்த அன்றே மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பெரியவள் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, கஜா புயல்ல உங்க ஊர்ல எத்தனை நாள் கரண்ட் இல்ல?" முப்பத்தொரு நாள் என்றேன். "அத்தனை நாள் ராத்திரி என்னதான் பண்ணீங்க?" என்றாள். அன்று அவளுக்குச் சொன்ன பதிலைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

நான் பிறந்தது காரைக்காலில், 1951இல். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்தன. என்னை அப்பா அதில்தான் சேர்த்தார். என் அம்மா பிறந்த ஊர் ஆலங்குடி தாலுகாவில், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அது தொண்டைமான் சமஸ்தானம். 1946இல் கல்யாணமாகி அம்மா புறப்பட்டபோது, சமஸ்தானத்தில் வண்டியேறி, பிரிட்டிஷ் சீமையில் ரயிலேறி, பிரெஞ்சுச் சீமையில் இறங்கினாள். ஒரே நாளில் மூன்று அரசாங்கம்! முந்தானை முடிச்சில் கொஞ்சம் அம்மன் காசு கொண்டுபோனாளாம். எங்கள் பக்கத்தில் இருபது அம்மன் காசு ஓரணா. காரைக்கால் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு அந்தக் காசு அவள் பெட்டியில் ஞாபகார்த்தமாகக் கிடந்தது.

எங்கள் பள்ளியில் டிசம்பர் விடுமுறைக்கு நொயெல் விடுமுறை என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முன் மூடினால் புத்தாண்டு கழிந்துதான் திறப்பார்கள். மூடிய மறுநாளே நாங்கள் அம்மாச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். காரைக்காலிலிருந்து பேரளம் வரை ஒரு ரயில். அங்கே மாறி, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அறந்தாங்கி. பேரளம் கிளைப்பாதை 1898இல் போட்டது. அறந்தாங்கிக்கு 1903இல் ரயில் வந்தது. கரி எஞ்சின் புகை கண்ணில் விழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே அறந்தாங்கியில் இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் மாமாவின் கூண்டு வண்டி நிற்கும். வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். இருட்டுப் பாதையில் மாட்டின் கால் நிழல் பெரிது பெரிதாக வேலியின்மேல் நடந்துவரும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பனி கொட்டுகிறது, வீட்டுக்குள் கணப்பில் விறகு எரிகிறது, பாட்டி கதை சொல்கிறாள். காரைக்காலின் புழுக்கத்தில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தோம். அதில் இரண்டு சொற்கள் எனக்கு விளங்கவே இல்லை. ஒன்று 'ஃபுவாயே'. கணப்படுப்பு என்றும் பொருள், குடும்பம் என்றும் பொருள். அடுப்பும் குடும்பமும் எப்படி ஒரே சொல்லாகும் என்று கேட்டேன். வாத்தியார், "பெரியவனானால் புரியும்" என்றார். இரண்டாவது 'வெய்யே'. பிரான்சின் கிராமங்களில் குளிர்கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவார்களாம். விறகும் விளக்கெண்ணெயும் விலை அதிகம். ஆளுக்கு ஒரு வீட்டில் எரிப்பதைவிட எல்லோரும் ஓர் இடத்தில் உட்காருவது சிக்கனம். மாட்டுத் தொழுவத்தில்கூடக் கூடுவார்கள், மாட்டின் உடற்சூடு கதகதப்பாக இருக்கும் என்பதற்காக. பெண்கள் நூல் நூற்பார்கள், மற்றவர்கள் வாதுமைக் கொட்டை உடைப்பார்கள், கிழவர்கள் கதை சொல்வார்கள். இதற்குப் பெயர்தான் வெய்யே.

புத்தகத்தில் புரியாதது அம்மாச்சி வீட்டில் புரிந்தது. மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கடலை உரிக்க வேண்டும். விதைக்கென்றால் தோல் கிழியாமல் கையால்தான் உரிக்க வேண்டும். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் அம்மாச்சி நடுக்கூடத்தில் சாக்கை விரித்துக் கடலையைக் கொட்டுவாள். நடுவில் ஒரே ஓர் அரிக்கேன். தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்காருவார்கள். அவர்கள் வீட்டு விளக்கு அன்றைக்கு மிச்சம். உரித்த பருப்பைப் படியால் அளந்து அம்மாச்சி கூலி கொடுப்பாள். பிள்ளைகளுக்குக் கூலி, அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வெளியே வாடை அடிக்கும். உள்ளே பத்துப் பதினைந்து பேரின் மூச்சுக்காற்றே சூடு. பேய்க்கதையும் ஊர்க்கதையும் நடக்கும். விடிவதற்கு முன் பஜனைக் கோஷ்டி தெருவில் வரும். வாசலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ இருக்கும்.

பகலில் எனக்கு ஒரு வேலை உண்டு. அரிக்கேன் கண்ணாடியைத் துடைப்பது. பெரியவர்கள் கை அதற்குள் நுழையாது. சாம்பலைத் தொட்டுக் கந்தைத்துணியால் உள்ளே துடைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் கீரமங்கலம் சந்தை வரை போக வேண்டும் என்பதால், அந்தப் பதினைந்து நிமிடமும் வீட்டில் ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள்.

விளக்கின் கதையை அம்மாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் எரிந்தவை ஆமணக்கெண்ணெய், இலுப்பையெண்ணெய், புங்கெண்ணெய். கோயிலுக்கும் இலுப்பையெண்ணெய்தான். பிறகு பர்மாவிலிருந்து மண்ணெண்ணெய் தகரத் தகரமாக வந்தது. சிம்னி, அரிக்கேன், கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் என்று ஊர் மாறியது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். பர்மா எண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய் ரேஷன் ஆனது. அம்மாச்சி பரணிலிருந்து பழைய அகல்களை இறக்கி, மறுபடி இலுப்பைக்கொட்டை பொறுக்கப் போனாளாம். "எங்கேயோ நடந்த சண்டை, நம்ம வீட்டு வெளக்கை அணைச்சுச்சு பாத்தியா" என்பாள். உலக யுத்தத்தைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவள் அவள்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தக் காலம்தான் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் சின்னம்மாவின் முந்தானையில் ஒருநாள் சிம்னி விளக்கின் தீ பிடித்துக்கொண்டது. அடுக்களையில் தனியாக இருந்தாள். மாமா ஓடிவந்து சாக்கைப் போர்த்தி அணைத்தார். உயிர் பிழைத்தாள்; வலது கை முழங்கை வரை சுருங்கிப்போயிற்று. அதன் பிறகு கடலை உரிக்க அவள் விளக்குப் பக்கம் வந்ததே இல்லை. தூணோரம், அரை இருட்டில், இடது கையால் உரித்துக்கொண்டிருப்பாள். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நம் மாகாணத்தில் நீர்மின்சாரம் தொடங்கினாலும், கிராமத்துக்குக் கம்பி வர வெகுகாலம் ஆயிற்று. காமராஜர் காலத்தில்தான் அது வேகம் பிடித்தது. எங்கள் அம்மாச்சி ஊருக்கு வந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. நடுக்கூடத்தில் ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. முதலில் ஸ்விட்சைப் போடப் பெரியவர்கள் தயங்கி நின்றார்கள். சின்னம்மாதான் போய்ப் போட்டாள். சுருங்கிய அந்த வலது கையால்.

அப்பா 1967இல் தவறிப்போனார். நான் பிரெஞ்சில் ப்ரெவே தேறியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? அம்மாவும் நானும் மாமா வீட்டோடு வந்துவிட்டோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் புதிதாகத் தேர்வுகள் எழுதி, 1973இல் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த சில மாதங்களில், 1974 ஜனவரி 14, பொங்கலன்று, திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. ஒருகாலத்தில் வேறு அரசாங்கமாக இருந்த அறந்தாங்கியும் ஆலங்குடியும் ஒரே மாவட்டம் ஆயின. அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியம்.

என் பிரெஞ்சு அரசாங்க வேலைக்கு ஒருநாளும் உதவவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை உதவியது. விராலிமலைப் பக்கம் ஆவூரில் பழைய மாதா கோயில் இருக்கிறது. 1700ஆம் ஆண்டை ஒட்டி அங்கே பூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் நம் பக்கத்திலிருந்து எழுதிய கடிதங்கள் பாரிஸில் தொகுதி தொகுதியாக அச்சாயின. ஒரு கிறிஸ்துமஸ் சமயம் ஆவூருக்குப் போயிருந்தேன். குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறும் போர்வையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்த மொழியில், இந்தச் செம்மண்ணைப் பற்றி முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் தன் ஊருக்கு எழுதியிருக்கிறார் என்று நினைத்தபோது, படித்தது வீணாகவில்லை என்று தோன்றியது.

இப்போது கஜாவுக்கு வருகிறேன்.

மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வீடும் தோப்பும் அம்மா வழியாக எனக்கு வந்தன. 2009இல் ஓய்வு பெற்று நானும் என் மனைவியும் இங்கேயே வந்துவிட்டோம். நாற்பத்திரண்டு தென்னை. பக்கத்துத் தோப்பு எங்கள் பங்காளி ஒருவருடையது. எல்லையில் ஒரு பலாமரம். அது யாருடையது என்று ஒன்பது வருஷமாக எங்களுக்குள் வழக்கு. நான் குமாஸ்தா அல்லவா, மனு எழுதுவதற்குச் சொல்லியா தர வேண்டும்? பேச்சுவார்த்தை கிடையாது. எதிரெதிரே வந்தால் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வோம்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று உள்ளே வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், கறம்பக்குடி என்று எங்கள் பக்கத்துத் தென்னையும் பலாவும் போன கதை உங்களுக்குத் தெரியும். விடிந்து பார்த்தால் முப்பத்தொன்பது தென்னை தரையில் கிடந்தன. மூன்று நின்றன. அரசாங்கம் பிறகு மரத்துக்கு அறுநூறு, வெட்டி அகற்ற ஐந்நூறு, ஆக 1,100 ரூபாய் என்று நிர்ணயித்தது. என் கணக்கு 42,900 ரூபாய். மாமா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள்.

எல்லையில் நின்ற பலாவும் வேரோடு சாய்ந்திருந்தது. விழுந்தது பங்காளி வீட்டு ஓட்டின்மேல். அவர்களுக்கு ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வீட்டுக்குக் கூரை இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் திண்ணையில் நின்று என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி யோசிக்கவில்லை. நேரே போய், "அக்கா, பிள்ளைகளை அழைச்சிட்டு வாங்க, அடுப்பு பத்த வச்சிருக்கேன்" என்றாள். அன்று மாலைக்குள் இரண்டு குடும்பங்கள், பதினொரு பேர், எங்கள் வீட்டில்.

டெல்டாவிலும் நம் மாவட்டத்திலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. எப்போது கரண்ட் வரும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆழ்குழாய்க் கிணற்றுக்கு ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர் ஏற்றினோம். செல்போனுக்குச் சார்ஜ் போடக்கூடக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். போன் கிடைத்த முதல் நாள் மகன் பேசினான். "அப்பா, அம்மாவை அழைச்சிட்டு இங்க வந்துடுங்க. இனிமே அங்க என்ன இருக்கு? தோப்பைக் குடுத்துடலாம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுபதை நெருங்கும் வயதில் தென்னங்கன்று வைத்து யார் காய் பறிப்பது? மனைவியிடம் சொன்னேன். "கார்த்திகைக்கு வீட்டை இருட்டாப் போட்டுட்டு நான் எங்கயும் வரலைங்க. வெளக்கு வச்சிட்டு அப்புறம் பேசலாம்" என்றாள்.

திருக்கார்த்திகை அந்த வருஷம் நவம்பர் 23. புயலடித்துச் சரியாக ஒரு வாரம். கார்த்திகை விளக்கீடு நமக்கு எவ்வளவு பழையது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அகநானூறு, நற்றிணை காலத்திலேயே பேசப்படுகிறது. சம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் அந்த விளக்கீட்டைச் சொல்லியிருக்கிறார். அத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை புயலும் பஞ்சமும் வந்திருக்கும்! அன்றைக்கும் யாரோ ஒருத்தி, விளக்கு வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லியிருப்பாள்.

கடையில் எண்ணெய் இல்லை. வீட்டில் முந்தைய வருஷம் எங்கள் காயைச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் அரைத் தகரம் இருந்தது. அதைத்தான் ஊற்றினாள். வாசல், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு என்று வழக்கமான இடங்களில் வைத்தாள். பிறகு பங்காளியின் மனைவியும் அவளுமாக, கூரையில்லாத அந்த வீட்டுக்குப் போய், உள்ளேயும் திண்ணையிலும் வைத்துவிட்டு வந்தார்கள். பொரி உருண்டைக்கு வழியில்லை. வெல்லமும் அவலும் கலந்து கொடுத்தாள். சொக்கப்பனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. விழுந்த மட்டையெல்லாம் கோயில் வாசலில் மலைபோல் கிடந்தது. பௌர்ணமி நிலா வேறு. பையன்கள் ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி மாவலி கட்டிச் சுற்றினார்கள். எனக்குத் தெரிந்து இருபது வருஷமாக ஊரில் மாவலி சுற்றவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பங்காளி. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கட்டுங்கண்ணே" என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு ஒவ்வொரு ராத்திரியும் நடுக்கூடத்தில் மாமாவின் பழைய அரிக்கேன். விழுந்த ஓலைகளைக் கிழித்து ஈர்க்கு எடுத்து விளக்குமாறு கட்டினார்கள். விற்றால் நாலு காசு ஆகும் அல்லவா? அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் துடைத்தார்கள். அந்தப் பலாமரத்தை நானும் பங்காளியும் ஆள் வைத்து அறுத்தோம். கிளைகள் பொது அடுப்புக்கு விறகாயின. ஒன்பது வருஷம் கோர்ட்டில் நின்ற மரம் பதினைந்து நாளில் சோறாக வெந்து தீர்ந்தது. கம்பம் நட வந்த மின்வாரியப் பையன்களும் அந்த அடுப்பில்தான் சாப்பிட்டார்கள். வெளிமாவட்டத்திலிருந்தும், கேரளாவிலிருந்தும்கூட அப்போது ஆட்கள் வந்து வேலை செய்தார்கள். அவர்களுக்கு நம் பக்கம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஒருநாள் இரவு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'ஃபுவாயே' என்ற சொல் நினைவுக்கு வந்தது. வாத்தியார் சொன்னபடி, பெரியவனான பிறகு புரிந்துவிட்டது. சற்றுத் தாமதம், அறுபத்தேழு வயது!

முப்பத்தோராம் நாள், டிசம்பர் 16, மார்கழி முதல் தேதி, சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. அரைமணி நேரத்தில் அவரவர் வீட்டுக்குள் போய் டிவியைப் போட்டாயிற்று. பங்காளி வீட்டில் தற்காலிகமாகத் தகரம் போட்டிருந்தார்கள், அவர்களும் போனார்கள். எங்கள் கூடம் காலியாக, பளிச்சென்று இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. சின்னம்மா அந்த ஸ்விட்சைப் போட்ட கையை நான் மறக்க முடியாது. வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் ஒரு விளக்கு இருக்கும்போது அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அறைக்கு ஒரு விளக்கு வந்ததும் அறைக்கு ஒருவராகப் பிரிந்தோம். இது யார் செய்த குற்றமும் இல்லை. கணக்கு அப்படி.

தை மாதம் வழக்கை இருவரும் வாபஸ் வாங்கினோம். எல்லைச் சுவரை மறுபடி எழுப்பவில்லை. சென்னைக்குப் போவது பற்றி மனைவி பிறகு பேசவே இல்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தை மாதமே முப்பது கன்று வைத்தோம். போன வருஷத்திலிருந்து காய் வருகிறது.

பேத்தியிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடலை மூட்டையை என் மனைவி கொண்டுவந்து கொட்டிவிட்டாள். அகல் ஒன்று ஏற்றி வைத்து எல்லோரும் உரித்துக்கொண்டிருந்தோம். பங்காளி வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. "டியூப்லைட் வேண்டாம் தாத்தா" என்றாள் பேத்தி. "சும்மா இரு, விதைக்கடலைக்குத் தோல் கிழிஞ்சிடும், கண்ணு தெரிய வேண்டாமா" என்று என் மனைவி எழுந்து போய் லைட்டைப் போட்டாள்.

கூடம் பளிச்சென்று ஆனது. கடலை முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.